சோத்தாங்கைக்குச் சிவப்பு

தாவீது சார் உள்ளே வந்ததும் முதலில் கதவைச் சாத்தினார். அடுத்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார். பையிலிருந்து இரண்டு ஈ.சி.ஜி. தாள்களை எடுத்து, பெயர் இருக்கும் மேல் ஓரத்தை மடித்துக்கொண்டு என் மேஜைமேல் வைத்தார்.

"பேரைப் பாக்காதீங்க சுந்தரி மேடம். கோட்ட மட்டும் பாருங்க. ரெண்டும் ஒரே ஆளோடதா?"

எங்கள் லேப் சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது. ரத்தம் எடுக்க ஓர் அறை, ஈ.சி.ஜி.க்கு ஓர் அறை. இரண்டாவது அறையில் பதினேழு வருஷமாக நான் உட்கார்ந்திருக்கிறேன். தாவீது சார் ஊருக்கு வெளியே ஒரு தனியார் பள்ளியில் பஸ்களுக்குப் பொறுப்பாளர். டீசல் ஒரு லிட்டர் குறைந்தால் எந்த டிரைவர், எந்த வளைவில் என்று யோசிக்கிற மனிதர்.

தாள்களைப் பார்த்தேன். இதயத்தின் மின்சாரத்தைப் பன்னிரண்டு கோணங்களிலிருந்து பன்னிரண்டு கோடுகளாக ஈ.சி.ஜி. காட்டும். ஒரு தாளில் முதல் கோட்டில் கூம்புகள் மேலே எழும்பி நின்றன. மற்றதில் அதே கோட்டில் கூம்புகள் தலைகீழாகத் தொங்கின.

"ஒரே ஆள் மாதிரித் தெரியலையே சார்" என்றேன்.

முழுதாகப் பார்க்காமல் சொன்ன வார்த்தை அது. அவர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"இது போதும். இதைத்தான் எதிர்பார்த்தேன்." மடிப்பைப் பிரித்தார். இரண்டிலும் 'வீரபாண்டி, வயது 44' என்று இருந்தது. தலைகீழாக இருந்தது போன வாரம் அவர்கள் பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் நானே எடுத்தது. நேராக இருந்தது போன வருஷம் தென்காசியில் எங்கோ எடுத்தது.

"உங்க தாள்ல பாருங்க, முகாம் டாக்டர் எழுதியிருக்காரு. 'பழைய மாரடைப்பா, இதயம் வலப்பக்கம் இருக்கா, சந்தேகம். மேற்கொண்டு பார்க்கும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.' போன வருஷத் தாள்ல ஒண்ணுமே இல்ல. ஒரு வருஷத்துல நெஞ்சு இடம் மாறிப் போகுமா? போகாது. அப்போ போன வருஷம் போய்ப் படுத்தது அவன் இல்ல. அவன் அண்ணன் செல்லச்சாமி. அவனும் நம்ம டிரைவர்தான். ரெண்டு பேரையும் பக்கத்துல நிறுத்துனா மீசையைக்கூட அளந்து வச்ச மாதிரி இருக்கும்."

"அதுக்காக..."

"இன்னும் கேளுங்க. ஒன்பது வருஷமா எங்ககிட்ட வேலை பாக்கான். ஒரு நாளாவது எங்ககூட உட்கார்ந்து சாப்பிட்டிருக்கானா? ஆண்டுவிழாவுக்கு விருந்து போட்டா இலைக்கு வரமாட்டான். முகாம் அன்னைக்கு எல்லாரும் ஷெட்டுல உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்காங்க. இவன் மட்டும் பொட்டலத்தைத் தூக்கிட்டு வண்டிக்குப் பின்னால போயிட்டான். என்னத்தையோ மறைக்கான்."

அது எனக்கும் நினைவிருந்தது. அன்று மதியம் கை கழுவப் போனபோது ஏழாம் நம்பர் பஸ்ஸின் பின்சக்கரத்தருகே ஒருவர் முதுகைக் காட்டிக் குத்தவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்து பஸ்ஸைச் சுற்றி மறுபக்கம் போய்விட்டார். மாத்திரை ஏதாவது போடுகிறாரோ என்றுதான் நானும் நினைத்தேன்.

"திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கு" என்றார் தாவீது சார். "அன்னைக்கு ஏழாம் நம்பர் சாவி அவன் கையில இருக்காது. அம்பத்திரெண்டு பிள்ளைங்க ஏறுற வண்டி. நீங்க இப்ப வாயால சொன்னதை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

அவர் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இதய நோய் என்று ஒருவரை நிறுத்தினால் வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம். ஆள் மாற்றி ஏமாற்றியவர் என்று நிறுத்தினால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளியும் அவரிடம் வண்டியைத் தராது.

"சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார். ரெண்டு தாளும் இங்கன இருக்கட்டும்."

"எதுக்கு?" அவர் கண்கள் சுருங்கின. "உங்களுக்கு அவன் சொந்தமா?"

"இல்ல சார். அந்தத் தாள் எனக்குச் சொந்தம். நான் எடுத்தது."

அவர் தாள்களைத் தரவில்லை. கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுக்கும்வரை மேஜையை விட்டு நகரவில்லை. போகும்போது, "இந்த விஷயம் அவன் காதுக்குப் போனா, அது உங்க வழியாத்தான் போயிருக்கும்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வியாழக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு மேல் லேபில் ஆள் வராது. படத்தைப் பெரிதாக அச்செடுத்து மேஜையில் பரப்பினேன்.

இந்த இடத்தில் ஈ.சி.ஜி. என்ன காட்டுகிறது என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் கண்டது புரியாது.

இதயத்துக்கு மின்சாரம் வெளியிலிருந்து வருவதில்லை. வலது மேல் அறையின் உச்சியில் ஒரு சின்னத் திட்டு இருக்கிறது. நிமிஷத்துக்கு எழுபது, எண்பது தடவை அது தானாக ஒரு மின்துடிப்பைக் கிளப்புகிறது. அந்தத் துடிப்பு மேல் அறைகள் இரண்டிலும் பரவும்போது தாளில் ஒரு சின்ன மேடு விழும். அதைப் பி அலை என்போம். மேல் அறைகளிலிருந்து கீழ் அறைகளுக்கு மின்சாரம் இறங்க ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்த வழியில் ரயில்வே கேட் போல ஒன்று இருக்கிறது. துடிப்பு அங்கே வந்து நிற்கும். அதிக நேரமில்லை, ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. எதற்காக நிற்கிறது? மேலே இருக்கும் ரத்தம் கீழே இறங்கி முடிக்க வேண்டாமா, அதற்காக. கேட் இல்லாவிட்டால் மேல் அறையும் கீழ் அறையும் ஒரே நேரத்தில் சுருங்கி ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். இவ்வளவு சின்னத் தசைக்குள் இத்தனை யோசனையாக ஒரு தாமதம் இருக்கிறதே என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

கேட் திறந்ததும் துடிப்பு இரண்டு கிளைகளாகப் பிரிந்து கீழ் அறைகளுக்குள் பாயும். தாளில் அந்த உயரமான கூம்பு எழுவது அப்போதுதான். அதன்பின் வரும் அகலமான மேடு, தசை அடுத்த துடிப்புக்குத் தயாராவதைக் காட்டும். சின்ன மேடு, இடைவெளி, கூம்பு, பெரிய மேடு. உயிரோடிருக்கும் ஒவ்வொரு வினாடியும் நமக்குள் இது எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

இதற்கு எதற்குப் பன்னிரண்டு கோடுகள்? ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கு ஒரு பஸ் கிளம்புகிறது என்று வையுங்கள். சங்கரன்கோவிலில் நிற்பவருக்கு அதன் முகமும் விளக்கும் தெரியும். ராஜபாளையத்தில் நிற்பவருக்கு அதன் முதுகும் ஏணியும்தான் தெரியும். பஸ் ஒன்றுதான், போகிற வழியும் ஒன்றுதான். ஈ.சி.ஜி.யிலும் அப்படியே. மின்சாரம் தன்னை நோக்கி வந்தால் அந்த இடத்துக் கோடு மேலே எழும். தன்னை விட்டு விலகிப் போனால் கீழே இறங்கும். இதயத்தில் மின்சாரம் மொத்தத்தில் வலது மேல்பக்கத்திலிருந்து இடது கீழ்பக்கத்துக்குப் போகிறது. ஆகவே இடது கையிலிருந்து பார்க்கும் முதல் கோட்டில் கூம்பு மேலே எழ வேண்டும். வலது கையிலிருந்து பார்க்கும் ஏவிஆர் கோட்டில் எல்லாமே கீழே தொங்க வேண்டும். நான் எடுத்த வீரபாண்டியின் தாளில் முதல் கோடு தொங்கியது, ஏவிஆர் நிமிர்ந்து நின்றது.

கை கால்களில் மாட்டும் கிளிப்புகள் தருவது ஆறு கோடுகள். மற்ற ஆறும் நெஞ்சின்மேல் ஒட்டும் ரப்பர் பல்புகள் தருபவை. வலதிலிருந்து இடதுக்கு, ஒன்று முதல் ஆறு வரை. இதயம் நிஜமாகவே வலப்பக்கம் இருந்தால் இந்த ஆறில் கூம்பு போகப் போகச் சிறுக்க வேண்டும். இவருடைய தாளிலோ அழகாக வளர்ந்துகொண்டே போயிற்று. அதோடு, நெஞ்சின் ஆறாவது கோடும் இடப்பக்கத்திலிருந்துதான் பார்க்கிறது. கை கொடுக்கும் முதல் கோடும் அதே பக்கத்திலிருந்து பார்க்கிறது. ஒரே தெருவில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவர் பஸ் வருகிறது என்கிறார், மற்றவர் பஸ் போகிறது என்கிறார். அப்படியென்றால் ஒருவர் தப்பான இடத்தில் நிற்கிறார்.

போன வருஷத் தாளை இழுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதன் இரண்டாம் கோடு, என் தாளில் மூன்றாம் கோடாக இருந்தது. அதன் மூன்றாவது என்னுடையதில் இரண்டாவதாக இருந்தது. இரண்டும் வீடு மாறிக் குடிபோயிருந்தன. நெஞ்சுக் கோடுகள் ஆறும் இரண்டு தாளிலும் அச்சு அசலாக ஒன்று. முதல் நெஞ்சுக் கோட்டில், கூம்புக்குப் பின்னால் தறியில் ஓடும் நாடாக்கட்டையின் கூர் போல இன்னொரு குட்டி முனை. சிலருக்கு அப்படி இருக்கும், கெடுதல் ஒன்றுமில்லை. அந்த முனை இரண்டு தாளிலும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் இருந்தது. முகாமில் எடுத்த செல்லச்சாமியின் தாளை என் மெஷினின் நினைவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அவருக்கு அந்த முனை இல்லை.

இதயம் ஒன்றுதான். கிளிப்தான் கை மாறியிருக்கிறது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மாற்றியது யார்?

மெஷின் ஒயர்மேல் சந்தேகப்பட்டேன். முகாமில் எடுத்த மற்ற நாற்பது தாள்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நாற்பதிலும் ஏவிஆர் ஒழுங்காகக் கீழே தொங்கியது. ஒயர் சரி. மிச்சம் இரண்டு பேர். வீரபாண்டி, நான்.

முகாம் என்றால் எனக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. ஒருவருக்குப் பல்பு ஒட்டி முடிப்பதற்குள் அடுத்தவர் பக்கத்துக் கட்டிலில் படுத்து நாலு கிளிப்பையும் தானே மாட்டிக்கொள்ள வேண்டும். வலது, இடது என்று சொன்னால் படுத்திருப்பவர் எதிரே நிற்கும் என் கையைப் பார்த்துக் குழம்புவார். அதனால் நானே ஒரு பாட்டு கட்டி வைத்திருந்தேன். 'சோத்தாங்கைக்குச் சிவப்பு, பீச்சாங்கைக்கு மஞ்சள், அதே பக்கத்துக் காலுக்குப் பச்சை, மிச்சக் காலுக்குக் கருப்பு.' சோறு தின்கிற கை எது என்று யாருக்கும் சந்தேகம் வராதே. பதினேழு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பாத பாட்டு. பல்பு ஒட்டும்போது என் கண் விலா எலும்பில் இருக்கும். கையை நான் பார்ப்பதில்லை.

அப்படியானால் வீரபாண்டி வேண்டுமென்றே மாற்றி மாட்டினாரா? நல்ல இதயத்தைக் கெட்டதாகக் காட்ட ஒருவருக்கு என்ன தேவை? தேவை இல்லாத இடத்தில்தான் எனக்கு அதிகமாகச் சந்தேகம் வருகிறது. பஸ்ஸுக்குப் பின்னால் முதுகைக் காட்டிக் குந்தியிருந்த ஆள் கண்முன் வந்து போனார்.

வெள்ளிக்கிழமை அவரைக் கைபேசியில் அழைத்தேன்.

"மறுபடி எதுக்கு சிஸ்டர்?" குரல் இறங்கியது. "யார் எடுக்கச் சொன்னா?"

"படம் சரியா விழல. சனிக்கிழமை நாலு மணிக்கு வாங்க."

"படம் சரியா விழலன்னு சொல்லுதீங்க. இங்கன என்னைப் பாத்து நாலு பேர் நாலு விதமா பேசுதாங்களே?"

நேரத்தை மட்டும் திரும்பச் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துவிட்டேன். அவர் என்னைச் சந்தேகப்படுகிறார் என்பது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் நியாயம்தான்.

சனிக்கிழமை தாவீது சார் மூன்றே முக்காலுக்கே வந்துவிட்டார். நாலு மணிக்குப் படியில் இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரே உயரம், ஒரே மீசை. வீரபாண்டி துணைக்கு அண்ணனையும் கூட்டி வந்திருந்தார்.

தாவீது சார் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? ஜோடியா வந்திருக்கானுவ" என்றார். பிறகு அவர்களிடம், "ஏலே, ஆதார் கார்டை எடுங்க ரெண்டு பேரும். யாரு உள்ள போறான்னு நான் பாத்துத்தான் அனுப்புவேன்."

"ஒன்பது வருஷமா தினம் காலையில என் கையெழுத்தை வாங்குதீங்க சார். மூஞ்சி தெரியலையா?" என்றார் வீரபாண்டி.

"உன் மூஞ்சிதான் வீட்டுல ரெண்டு இருக்கே வே!"

செல்லச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி முறைத்ததும் அடக்கிக்கொண்டார். தாவீது சார் இரண்டு கார்டையும் வெளிச்சத்தில் பிடித்து, படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். வீரபாண்டியை மட்டும் உள்ளே விட்டு, தானும் வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றார். செல்லச்சாமி வாசலில் நின்றார்.

வீரபாண்டி சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார். நாலு கிளிப்பையும் அவர் வயிற்றின்மேல் வைத்தேன். முகாமில் சொன்னதற்கு ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லாமல் சொன்னேன்.

"சோத்தாங்கைக்குச் சிவப்பு, பீச்சாங்கைக்கு மஞ்சள், அதே பக்கத்துக் காலுக்குப் பச்சை, மிச்சக் காலுக்குக் கருப்பு. மாட்டுங்க."

இந்தத் தடவை விலா எலும்பைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன்.

அவர் யோசிக்கவே இல்லை. சிவப்பை எடுத்தார். இடது மணிக்கட்டில் மாட்டினார். மஞ்சளை வலதில் மாட்டினார். எழுந்து குனிந்து பச்சையை வலது காலிலும் கருப்பை இடது காலிலும் கவ்வவிட்டுவிட்டு, வேலை முடிந்த நிம்மதியில் படுத்தார்.

"பாருங்க மேடம், வேணும்னே மாத்தி மாட்டுதான்!" என்றார் தாவீது சார்.

"கொஞ்சம் பேசாம இருங்க சார்." நான் சிவப்புக் கிளிப்பைத் தொட்டேன். "வீரபாண்டி, இது எந்தக் கை?"

"சோத்தாங்கை."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் சுருங்கியது. கிளிப்போடு கையை இழுத்து இடுப்புக்குக் கீழே மறைத்துக்கொண்டார். ஒயர் இழுபட்டு மெஷின் ஆடியது.

வாசலிலிருந்து செல்லச்சாமிதான் சொன்னார். "அவன் சின்னதுலயே அப்படித்தான் சிஸ்டர். எங்கய்யா அந்தக் கையைத் துண்டால கட்டிலோட கட்டிப் போட்டுட்டுச் சோத்தை முன்னால வைப்பாரு. ரெண்டு நாள் பட்டினி கிடந்தான். கை மாறல."

"நீ சும்மா இரு" என்றார் வீரபாண்டி.

"என்ன சும்மா இரு? ஆள் மாறாட்டம்னு பேரு கட்டுதாங்க, இன்னும் வெக்கமா உனக்கு? கேளுங்க சார். இவன் கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளையைப் பந்தியில உக்கார வச்சாங்க. பொண்ணு வீட்டுப் பொம்பளைங்க பாத்துச் சிரிச்ச சிரிப்புல எழுந்தவன், அதுக்கப்புறம் இன்னொரு ஆளு முன்னால இலையில உக்காந்ததே இல்ல."

தாவீது சார் திரையை விட்டுவிட்டு முன்னால் வந்தார். "இதுக்கா வே ஒன்பது வருஷமா வண்டிக்குப் பின்னால போய்த் தின்னே?"

"பின்ன?" வீரபாண்டி கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பிள்ளைங்க பாத்தா வீட்டுல போய்ச் சொல்லும். பீச்சாங்கை டிரைவர்னு பேரு வந்திரும். உங்ககூட உக்காந்தா பக்கத்து இலைக்காரன் முழங்கையில முட்டும், அவன் திரும்பிப் பாப்பான்."

"வண்டி ஓட்டுத ஆளுக்கு வலது இடது தெரியாதா?"

"நல்லாத் தெரியும் சார். ரோட்டுல சோத்தாங்கைப் பக்கம் திரும்புன்னா வலதுதான் திரும்புவேன். அது ரோடு. சிஸ்டர் என் கையையில்லா கேட்டாங்க? சோறு திங்குற கைன்னா எனக்கு இதுதான். போன வருஷம் தென்காசியில அவங்களே மாட்டிவிட்டாங்க."

என் பாட்டு அந்த அறையில் எனக்கே திரும்பக் கேட்டது. பதினேழு வருஷத்தில் தப்பியதே இல்லை என்று நினைத்தேனே, எத்தனை பேர் கை மாற்றி மாட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள், எத்தனை தாளை நான் பார்க்காமல் அனுப்பியிருப்பேன்?

நெஞ்சில் பல்புகளை ஒட்டி மெஷினை ஓடவிட்டேன். கிளிப்புகள் அவர் மாட்டியபடியே இருக்க ஒரு தாள் எடுத்தேன். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்து, சிவப்பை வலதுக்கும் மஞ்சளை இடதுக்கும் மாற்றிவிட்டு இன்னொரு தாள். கால் கிளிப்புகளைத் தொடவில்லை.

"காலையும் மாத்தித்தான மாட்டியிருக்கான், அதை விட்டுட்டீங்களே?" தாவீது சாருக்கு எதுவும் தப்பவில்லை.

"கருப்பு வெறும் துணைக்கு சார், அது பார்க்குற கண் இல்ல. பச்சை எந்தக் கால்ல இருந்தாலும் நெஞ்சுக்குக் கீழ இருந்துதான் பாக்கும். ரெண்டு காலும் நெஞ்சுக்குத் தூரம். அதனால கால் மாறினா படம் மாறாது, கை மாறினா மாறும்."

நாலு தாள்களையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். அவர் மாட்டியபடி எடுத்த தாள், முகாம் தாளின் நகல் போல் இருந்தது. நான் மாற்றி எடுத்தது, போன வருஷத் தாளின் நகல் போல் இருந்தது. ஐந்தாவதாகச் செல்லச்சாமியின் தாளையும் வைத்தேன். ராஜபாளையம் பஸ்ஸைச் சொல்லி, வேடிக்கை பார்த்தவர்கள்தான் இடம் மாறி நின்றார்கள், பஸ் மாறவில்லை என்று விளக்கினேன்.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு நடிக்கலையே? நீங்களும் இதுல சேர்த்தியா?"

"நடிப்பு கைக்கு வரும் சார். இதுக்கு வராது." வீரபாண்டியின் நாலு தாள்களிலும் அந்தக் குட்டி முனையைப் பேனாவால் வட்டமிட்டேன். "அண்ணன் தாள்ல தேடிப் பாருங்க."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தேடினார். நேரம் எடுத்துக்கொண்டு தேடினார். கிடைக்கவில்லை.

"சரி. அப்போ முகாம் தாள் தப்பு. அதை யார் ஒத்துக்கிடுவா? கரஸ்பாண்டென்ட் கேட்டா நான் என்ன சொல்ல? டிரைவர் தப்பா மாட்டிக்கிட்டான்னு எழுதிரலாமா?"

வீரபாண்டி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது. அப்படி எழுதினால் பள்ளிக்கூடம் முழுக்க ஏன், எப்படி என்ற கேள்வி வரும். ஒன்பது வருஷம் பஸ்ஸுக்குப் பின்னால் ஒளித்தது அலுவலகக் கோப்பில் ஏறிவிடும்.

லேபின் தாளை எடுத்து எழுதினேன். 'முகாமில் எடுத்த பதிவில் கைக் கிளிப்புகள் இடம் மாறியிருந்தன. மாட்டியதைச் சரிபார்க்காமல் பதிவு செய்தது என் தவறு. இன்று திரும்ப எடுத்த பதிவு இத்துடன் உள்ளது.' பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"உங்க ஓனர் ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"சொல்லுவாரு."

"நாற்பது பேர் தாளையும் சந்தேகப்படுவாங்களே?"

"படட்டும் சார். நானே பட்டுத்தான் நாற்பதையும் பாத்தேன்."

நான் என்ன எழுதினாலும் படத்துக்கு முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். ஐந்து மணிக்கு டாக்டர் ஆபிதா பானு வந்தார். மாலையில் எங்கள் லேபுக்கு வந்து தாள்களைப் படித்துக் கையெழுத்துப் போடுபவர். தாவீது சார் முழுக் கதையையும் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் தாள்களைப் புரட்டி முடித்துவிட்டார்.

"கை மாத்தி மாட்டியிருக்கு. புதுசா எடுத்தது நார்மல். வண்டி ஓட்டலாம்." கையெழுத்துப் போட்டார். "இதுக்கா இத்தனை பேரு?"

தாவீது சார் அந்தத் தாளை வாங்கி, முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். மடித்துப் பையில் வைத்தார். எழுந்தவர், ஏதோ தைத்தது போல நின்றார்.

"மேடம், அன்னைக்கு முகாம்ல நானும் படுத்தேன். நானும் நானேதான மாட்டினேன்?"

"உங்களது சரியாத்தான் இருந்துச்சு சார்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நாற்பதுல நீங்களும் உண்டு."

"எதுக்கும் அடுத்த வாரம் வாரேன். ஒருக்க எடுத்திருங்க."

பேன்ட் பையில் கையை விட்டு ஏழாம் நம்பர் பஸ் சாவியை எடுத்தார். மஞ்சள் கயிற்றில் கோத்த சாவி. மூன்று நாளாக அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். வீரபாண்டியிடம் நீட்டினார்.

வீரபாண்டியின் இடது கை முதலில் எழுந்தது. பாதியில் நின்றது. தொங்கிக்கொண்டிருந்த வலது கை அவசரமாக முன்னால் வந்தது. மேலதிகாரியிடம் இடது கையால் எதையும் வாங்கக் கூடாது என்பதை நாற்பத்து நாலு வருஷமாகப் பழகிய கை அது.

தாவீது சார் அதைப் பார்த்துவிட்டார். நீட்டிய கையைப் பின்னால் இழுத்து, சாவியை என் மேஜைமேல், தாள்களுக்கு நடுவே வைத்தார். வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"திங்கட்கிழமை ஏழே காலுக்கு வண்டி கேட்டுல நிக்கணும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் எழுதி வைப்பேன்."

"நிக்கும் சார்."

வீரபாண்டி சாவியை எடுத்துக்கொண்டார். எந்தக் கையால் எடுத்தார் என்று தாவீது சார் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.